வேறொருவன் முதுகு

"நெஞ்சு கிளியர்ன்னுட்டாரு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே ரோச் முற்றத்தில் குனிந்து முகம் கழுவியபோது, அவன் முதுகுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்ததை அவன் மனைவி விக்டோரியா கேட்டாள். விற்றது போக மிஞ்சிய மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

போன வருஷம் சங்கு குளிக்க இறங்கிய ஒருவன் வாயில் ரத்தத்தோடு மேலே வந்து, கரை சேருமுன் அடங்கிப்போனான். அதிலிருந்து, டாக்டரிடம் நெஞ்சைக் காட்டித் தேறியவன்தான் வள்ளம் ஏறலாம் என்று ஏற்பாடாகியிருந்தது. மீசை முளைக்குமுன்பே கடலில் இறங்கியவன் ரோச். வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

"சட்டையக் கழத்தச் சொன்னாரா?"

"பின்னே? குழாய வச்சாரு, மூச்ச இழு விடுன்னாரு. அவ்வளவுதான்." துண்டால் முகத்தைத் துடைத்தவன் அதை முகத்திலிருந்து சீக்கிரம் எடுக்கவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்கு வேறு வேலை கிடையாது. மாதா கோவிலுக்குப் போகும்போது பாதி வழியில் ரோச் நின்று இடுப்புச் சாரத்தை அவிழ்த்துக் கட்டுகிறான். அது நெகிழ்ந்திருக்கவே இல்லை, மூச்சு வாங்கத்தான் அந்தச் சாக்கு. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுக்கிறான். யாராவது வேடிக்கையாக ஏதும் சொன்னால் உதட்டோடு சிரிப்பை நிறுத்திக்கொள்கிறான். சிரித்தால் இருமல் வந்துவிடும். இத்தனையும் தனக்குத் தெரிகிறது, படித்த டாக்டர் காதில் மட்டும் எப்படி விழாமல் போயிற்று?

அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஞானபாய் நாசரேத்துக்காரி, ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டு நர்ஸ். மீனைத் துண்டு போட்டபடி விக்டோரியா கேட்டாள்.

"யக்கா, நெஞ்சுக்குள்ள கேக்க சத்தத்துக்கெல்லாம் பேரு உண்டுமா?"

"உண்டே. விசில் மாதிரி வந்தா வீசிங். உள்ள காத்துப்போற வழி சுருங்கிட்டுன்னு அர்த்தம். காதோரத்து முடிய ரெண்டு விரல்ல வச்சு உருட்டிப் பாரு, ஒரு நறநறப்பு கேக்கும்லா? அப்படிக் கேட்டா கிரெப்ஸ். சளியோ நீரோ தங்கியிருக்கும்."

"குழாய் மட்டும் வச்சாப் போதுமா?"

"அதெப்படி? முதுகுல விரல வச்சுத் தட்டிப் பாப்பாங்க. காத்து இருந்தா காலிக் குடம் மாதிரி கேக்கும், இல்லன்னா நெறகுடம் மாதிரி மொத்துனு கேக்கும். பெறவு உள்ளங்கைய வச்சிக்கிட்டு ஒண்ணு, ஒண்ணுன்னு சொல்லச் சொல்லுவாங்க, அதிருதான்னு பாக்க." ஞானபாய் நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குளா?"

"சும்மாத்தான். அப்படி நெஞ்சோட ஒருத்தரு சங்கு குளிக்கப் போனா?"

"போவாரு. திரும்பி மேல வாரதுக்கு மூச்சு மிஞ்சணுமே."

அன்று மத்தியானம் ரோச் கண்ணயர்ந்திருந்தபோது விக்டோரியா அவன் முதுகில் காதை வைத்தாள். வலப்புறத்தில் விசில். இடப்புறத்தில், கீழே, நறநறவென்று அந்தச் சத்தம்.

"என்னளா பாக்க?" கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"எறும்பு ஊறுது." துடைத்துவிடுவதுபோல் கையை ஓட்டினாள். "ஏங்க, டாக்டர் முதுகுல கைய வச்சி என்னமும் சொல்லச் சொன்னாரா?"

"பேரச் சொல்லச் சொன்னாரு" என்றான், யோசிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரோச்சின் தம்பி சிலுவை சாப்பிட வந்தான். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன். அண்ணனைப்போலவே அகன்ற முதுகு. ரோச் கை கழுவப் போன நேரம் பார்த்து, எல்லாம் தெரிந்தவள்போல விக்டோரியா கேட்டாள்.

"ஏலே, டாக்டர் ஒன்னைய என்னத்தச் சொல்லச் சொன்னாரு?"

"ஒண்ணு, ஒண்ணுன்னுதான் மைனி. பள்ளிக்கூடத்துல..." சிரிப்பு பாதியில் செத்தது. முற்றத்துப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணந்தான், எம் பேருல நீ போய் நெஞ்சக் காட்டுன்னு கெஞ்சிச்சி. இந்த ஒரு வருசந்தான், பெறவு மருந்து சாப்புடுதேன்னு சொல்லிச்சி. நான் என்ன செய்ய?"

அவள் சண்டை போடவில்லை. ஒன்றும் அறியாதவளாகக் குழம்பு ஊற்றினாள். டாக்டரிடம் சொல்லிவிட்டால் ரோச் உயிரோடு இருப்பான். ஆனால் தன்னோடு பேசுவானா? ஊர் சிரிக்கக் கரையில் நிறுத்தினவள் என்றுதானே கடைசிவரை பார்ப்பான்? சொல்லாவிட்டால்? ரத்தத்தோடு கரைக்குக் கொண்டுவரப்பட்டவனின் பெண்டாட்டியை அவளுக்குத் தெரியும். அதே சந்தையில்தான் அவளும் மீன் விற்கிறாள்.

வள்ளங்கள் புறப்படும் காலையில், பரிசோதனையில் விடுபட்டவர்களைப் பார்க்க டாக்டர் தேவபிரசாதம் கரைக்கு வந்திருந்தார். விக்டோரியா நேரே அவரிடம் போனாள்.

"ஐயா, ரோச்சுன்னு நீங்க பாத்தது எம் புருசன் நெஞ்சு இல்ல."

அவர் திகைத்தார். "அன்னைக்கு எத்தனையோ முதுகு பாத்தேன்மா. முகம் ஞாபகமில்ல. அவர வரச் சொல்லுங்க."

வள்ளத்தில் ஒரு காலை வைத்திருந்த ரோச் திரும்பினான். வள்ளம் ஓட்டும் தண்டலும் மற்றவர்களும் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். அவன் மணலில் நடந்து வந்தான், டாக்டரைப் பார்க்கவேயில்லை. முதுகைக் காட்டி நின்றான். முகம் விக்டோரியாவுக்கு நேராக இருந்தது.

"மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

ரோச் இழுத்தான். விடவில்லை.

"விடுங்க."

உதடுகள் இறுகியிருந்தன. மூச்சு வெளியே வந்தால்தானே விசில் கேட்கும். டாக்டர் குழாயை வலப்புறம் வைத்தார், இடப்புறம் வைத்தார், இன்னும் கீழே வைத்து அழுத்தினார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அலை வந்து மூன்று பேரின் கால்களையும் நனைத்துவிட்டுப் போனது. மறுபடியும் வந்தது. ரோச்சின் கழுத்து நரம்பு புடைத்து, கண்கள் சிவந்து நீர் கட்டின. விலாவோரம் மட்டும் தோல் துடிக்க, அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.