அஞ்சு வாரமா நைட்டு

நெய்வேலியில் ஆறு கிடையாது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விடுகிறார்கள். அது டவுன்ஷிப்புக்குள் மூன்று பூங்காக்களை ஒட்டிப் போகிறது. கரையில் சிமெண்ட் கல் பதித்து, புங்கமரம் வளர்த்து, 'ஆற்றங்கரை நடைபாதை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

காலை ஆறரைக்கு அங்கே நடப்பேன். நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் வீடு திரும்பும் நேரம். என் கையிலும் ஹெல்மெட் இருக்கும். வேலை கிடையாது.

கார்த்திகை தொடக்கத்தில் விட்டேன். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அள்ளித் திரும்பவும் பெல்ட்டில் போடும் கான்ட்ராக்ட் வேலை. ஒருநாள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரும் திட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து ஊரில் ஒற்றை அறை. அங்கேயும் பேச ஆள் இல்லை.

முதல் பூங்காவில் ரிட்டயர்டு ஆட்கள் வரிசையாகப் பாதையை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். ஹெல்மெட்டைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள். இரண்டாவது பூங்காவில் விருத்தாம்பாள் அக்கா சருகு கூட்டிக்கொண்டிருப்பார்.

"என்னா தம்பி, என்னா ஷிப்டு?"

"நைட்டுக்கா."

இந்த ஊரில் நலம் விசாரிப்பது இப்படித்தான். ஷிப்டைச் சொன்னால் போதும். எப்போது தின்றாய், எப்போது தூங்குவாய் எல்லாம் தெரிந்துவிடும். நாள் முழுக்க என்னிடம் ஒரு ஆள் கேட்கும் ஒரே கேள்வி அது. அதற்காகத்தான் நடந்தேன். உடம்புக்காக இல்லை.

மார்கழியில் ஒருநாள் அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏந்தம்பி, நானும் பாத்துகினே இருக்கேன். அஞ்சு வாரமா நைட்டுங்கற. எங்க வூட்டுக்காரருக்கு இருவது வருசம் சோறு கட்டினவ நானு. ஒரு வாரம் ஃபஸ்ட்டு, ஒரு வாரம் செகண்டு, ஒரு வாரம் நைட்டு. ஒனக்கு மட்டும் எந்த மைன்ஸுல ஒரே நைட்டா போடறாங்க?"

எனக்குத் தெரியாததா? ஃபர்ஸ்ட் என்றால் அந்நேரம் சுரங்கத்துக்குள் இருக்க வேண்டும். செகண்ட் என்றால் அறையில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஹெல்மெட்டோடு அக்கா முன்னால் நிற்க நைட் ஒன்றுதான் வழி. வேறு ஆளுக்குப் பதிலாக நைட் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"விட்டுட்டேங்க்கா."

"எத்த?"

"வேலையத்தான்."

"அடப்பாவி! அப்ப இத எதுக்குத் தூக்கிகினு திரியற, கோயிலுக்குத் தேங்கா எடுத்துகினு போறவனாட்டம்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பியபோது கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

மறுநாள் ஹெல்மெட்டை எடுக்கவில்லை. முதல் பூங்காவில் யாரும் வழிவிடவில்லை. புல்லில் இறங்கிச் சுற்றிப் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா தம்பி..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. துடைப்பத்தின் பிடியை இரண்டு தரம் தரையில் தட்டினார்.

"குளிரு சாஸ்தி," என்றார்.

"ஆமாங்க்கா."

அதற்கடுத்த நாள் தலையை மட்டும் ஆட்டினார். கோபம் ஒன்றும் இல்லை. என்னிடம் கேட்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நான்காம் நாள் இரண்டாவது பூங்காவுக்குள் போகாமல் வெளியே புங்கமரத்தடியில் நின்றேன். வாய்க்கால் தண்ணீர் வெதுவெதுப்பாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கமிருந்து பூங்காவுக்குள் ஒருவன் வந்தான். முகமெல்லாம் கரித்தூள், கையில் ஹெல்மெட். அக்கா கூட்டுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார்.

"என்னா தம்பி, என்னா ஷிப்டு?"

அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே கடந்து போனான். கேள்வி காதில் விழவே இல்லை போல.

"நைட்டுக்கா," என்றேன் நான்.

தூரம். அக்காவுக்குக் கேட்டிருக்காது. மறுபடி கூட்டத் தொடங்கிவிட்டார்.