சாயங்காலத் தில்பசந்த்

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஈரல்ல கொழுப்பு கொறையவே இல்லம்மா. இதை எடுத்து உங்க தம்பிக்கு வைக்க முடியாது. இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். எடை இறங்கியே ஆகணும்."

ஒரு மாதம். கிளைவுக்கு அத்தனை நாள் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை. அவனுடைய ஈரல் கெட்டுப்போய்விட்டது. குடும்பத்தில் பொருந்தியது நான் ஒருத்திதான். நான் இளைத்தால் என் தம்பி பிழைப்பான். உடம்பைக் குறைக்க ஒரு மனுஷிக்கு இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

இந்தப் பாழாய்ப்போன நாக்குக்கு அதெல்லாம் உறைத்தால்தானே! காலையில் ராகிக் கூழ், மத்தியானம் வெள்ளரிக்காயும் சப்பாத்தியும் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பேன். பள்ளி ஆபீஸை விட்டுக் கிளம்பும் நேரத்தில் மனசு பொசுக்கென்று விழுந்துவிடும். நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். என்ன ஜென்மமோ நான்.

அதற்கப்புறம் கிளைவ் வீடு. மண்டி மொஹல்லாவில் ஒரு பேக்கரிக்கு மாடியில் இருக்கிறது. படி ஏறும்போதே வெண்ணெய் வாசம் கூடவே ஏறும். தினமும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒரு துண்டு, தட்டில் எனக்காக இருக்கும்.

"என்னாலதான் திங்க முடியல. நீ திங்கறதையாவது பாக்கறேனேக்கா" என்பான். அவன் முன்னால் உப்பில்லாத கஞ்சி. மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? "நாளைலேர்ந்து தொடவே மாட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே தின்பேன்.

இன்று படி ஏறக் கால் வரவில்லை. கிளைவ் கட்டிலில் சாய்ந்திருந்தான். கண்ணெல்லாம் மஞ்சள். அவன் மனைவி நிம்மி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்கக்கா?" நிம்மிதான் கேட்டாள்.

"கொறையலையாம். இப்போதைக்கு ஆபரேஷன் கிடையாதாம்."

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கிளைவ் அழுவான், என்னைத் திட்டித் தீர்ப்பான் என்று நினைத்திருந்தேன். அவனோ நீளமாக மூச்சை விட்டுத் தலையணையில் சாய்ந்தான். பரீட்சை தள்ளிப்போன பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

"யோச்னே மாடபேட, கவலைய விடுக்கா. பசியோட வந்திருப்ப. நிம்மி, அக்காவுக்கு அந்தத் தட்டை எடு."

எனக்குச் சுரீரென்றது.

"டேய், வேணும்னேதான் வாங்கி வச்சியா? தினமும்?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"சொல்லுடா!"

"மாமாவும் போயாச்சு. உன்னை அறுக்கற எடத்துல உனக்கும் ஏதாவது ஆச்சுன்னா உன் பாப்பாவுக்கு யாருக்கா இருக்கா? வேண்டாம்னு சொன்னா நீ கேக்க மாட்ட. அதான்."

"அப்ப எனக்கு யாரு?" என்றாள் நிம்மி. சத்தமே இல்லாமல்தான் கேட்டாள். அவன் போர்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைப் பளாரென்று அறைந்திருப்பேன். அறைய எனக்கென்ன யோக்கியதை? கத்தியை நினைத்து நானும்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவன் தட்டை நீட்டிய ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளுக்குள் ஓர் ஓரத்தில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

"நிம்மி, இதைக் கொண்டுபோய் யாருக்காவது குடுத்துடு. இனி இது மாடி ஏறக் கூடாது."

கட்டிலில் உட்கார்ந்து கஞ்சிக் கிண்ணத்தை இழுத்து ஒரு வாய் போட்டேன். கர்த்தரே, சுவர்ச் சுண்ணாம்பு தேவலாம்.

"நல்லாவே இருக்காதேக்கா" என்றான்.

"தெரியுது. எனக்கும் பயமாத்தாண்டா இருக்கு. ஆனா சாயங்காலம் இனி எனக்கும் இதான்."

கீழே பேக்கரியில் அடுப்பைத் திறந்திருப்பார்கள் போல. வாசம் ஜன்னல் வழியாகக் குப்பென்று வந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கிளைவ் அதைப் பார்த்துவிட்டான்.

"நாளைலேர்ந்தா?"

"இப்பலேர்ந்து. வாயைத் திற."