உவ்வே ராஜாவின் வயிறு

நான்கு நாட்களாக என் வகுப்பில் ஒரு நாற்றம். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. அலமாரியை நகர்த்தினேன், பைகளைக் கொட்டினேன், இருபது வாண்டுகளின் ஷூக்களையும் மோந்துகூடப் பார்த்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர இந்தக் குணம் ஆகாது என்பார் என் கணவர். அவர் சொல்வதும் எனக்கு ஆகாது.

அன்று காலை சிட்டுவின் அம்மா வாசலிலேயே என்னை மடக்கினார். பஸ் கண்டக்டர். தோளில் பையோடு, டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் நின்றார்.

"டிபன் பாக்ஸ் காலியாத்தான் வருது டீச்சர். ஆனா வீட்டுக்கு வந்ததும் பசிக்குதுன்னு அழறா. இந்த வாரம் ரொம்ப வாடிப் போயிட்டா. யாராவது பிடுங்கிச் சாப்பிடறாங்களா?"

"என் கிளாஸ்ல அப்படியெல்லாம் நடக்காதும்மா," என்றேன் வெடுக்கென்று. சொன்ன பிறகுதான் உறைத்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் வகுப்பில் இருந்ததே இல்லை.

அந்தப் பரபரப்போடுதான் அன்றைய பாடத்தையும் ஆரம்பித்தேன். பாடம் என்றால் உவ்வே ராஜா. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில், பெரிய வாயும் நாக்கும் வைத்து நானே செய்த பொம்மை. தொப்பைக்குப் பழந்துணி அடைத்திருந்தேன். எந்தச் சாப்பாட்டைச் சொன்னாலும் "உவ்வே" என்பார். அவரைச் சாப்பிட வைக்க ஒரே வழி, சாப்பாட்டின் பெயரைச் சீட்டில் எழுதி அவர் நாக்கில் வைப்பது. பென்சிலைக் கண்டாலே ஓடிய பிள்ளைகள் 'பால்', 'பழம்' என்று எழுதித் தள்ளினார்கள். பின்னால் ஒளிந்திருந்து நான் சீட்டை எடுத்து வாசிப்பேன். புரியாத சீட்டை ராஜா "தூ" என்று துப்புவார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

அன்றும் சிட்டுவின் சீட்டைத் துப்பினேன். அவளுடையது எப்போதும் கோழிக் கிறுக்கல்தான்.

மதியம் டீச்சர்கள் அறைக்குப் போகாமல் ஜன்னலோரம் நின்றேன். எல்லோரும் கைகழுவ ஓடினார்கள். சிட்டு மட்டும் டிபன் பாக்ஸோடு ராஜாவிடம் போனாள். ரொட்டியை, அவித்த முட்டையை அவர் வாய்க்குள் தள்ளினாள். கடைசியாக நாக்கில் ஒரு சீட்டை வைத்தாள்.

"என்னடி பண்ற?" கத்தியே விட்டேன்.

அவள் பயப்படவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "என் சீட்டையெல்லாம் துப்புறாரு, சாப்பாட்டை மட்டும் ராஜா துப்பவே இல்ல டீச்சர். நாலு நாளா!"

ராஜாவின் தொப்பைத் துணியைக் கிளறினேன். எல்லாம் அங்கேதான் இருந்தது, ஊசிப்போய். நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"சீட்டுல என்ன எழுதியிருக்க?"

கிறுக்கலின் மேல் விரலை ஓட்டினாள். "இன்னிக்கும் துப்பாதீங்க ராஜா."

எனக்கு அவமானமாக இருந்தது. ராஜாவா துப்பினார்? பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சீட்டை எடுத்து, ராஜாவின் குரலில், அவள் விரல் போன மாதிரியே மெதுவாக வாசித்தேன். "இன்னிக்கும்... துப்பாதீங்க... ராஜா." துப்பவில்லை.

சிட்டு பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"படிச்சிட்டாரா டீச்சர்?"

"படிச்சிட்டார். ரொம்பப் பிடிச்சிருக்காம்."

"அப்ப நாளைக்கு முட்டைய நானே சாப்பிடலாமா?"

நாளைக்கு என்ன நாளைக்கு என்று என் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். இரண்டு கையாலும் எடுத்துச் சாப்பிட்டாள்.