ஒல்லாந்தன் பெட்டி

தபால் கந்தோரில் வேலை முடிந்து நிக்கலஸ் வீடு திரும்பியபோது, பக்கத்து வீட்டு நோபேட் அண்ணன் பின்வளவில் முழங்காலளவு குழிக்குள் நின்று மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நிக்கலஸ் குழியடிக்கு ஓடினான். அந்தக் குழிக்குக் காரணம் அவன்தான்.

ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு துறைமுகத்தையொட்டிய கொட்டாஞ்சேனையில் பாதிச் சனம் ஊர்களுக்குப் போய்விட்டது. அவர்கள் இருந்த வரிசை வீடுகளில் மூன்றில்தான் ஆள் மிச்சம். மார்கழி மழையும் இருட்டடிப்பும் சேர்ந்துகொண்டதால் பொழுதுபட்டால் செய்ய ஒன்றுமில்லை. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிய நிக்கலஸின் அறையில் கூடிப் புதையல் கதை கதைப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கனகசபாபதி, பறங்கியர் கோயிலை இடிக்க வந்தபோது கிணற்றில் இறக்கிய ஐம்பொன் சிலைகளைச் சொன்னார். நோபேட் அண்ணன் வெள்ளிக்காசோடு கடலில் தாண்டுபோன கப்பலைச் சொன்னார். நிக்கலஸ் எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பவன். நேற்று என்ன நினைத்தானோ, அவனும் வாயைத் திறந்தான். கந்தோரில் பழைய கடதாசிக் கட்டொன்றைப் பிரித்துப் பார்த்தானாம். இங்கிலீசுக்காரன் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடிக்க வந்த கிழமை, ஒல்லாந்தத் தளபதி ஒருவன் இதே வளவில், பின்மதிலடியில் ஒரு பெட்டியைப் புதைத்தானாம். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வந்தது. எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். முப்பத்திரண்டு வயதில் அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

குண்டு விழுந்த அன்று துறைமுகத்தில் நோபேட் அண்ணனின் கால் நசுங்கியது. அன்றோடு வேலையும் போயிற்று.

"அண்ணன், மேல வாங்க. அது நான் சும்மா கட்டின கதை. சத்தியமா பெட்டி ஒண்டும் இல்ல."

நோபேட் அண்ணன் சிரித்தார். மண் ஒட்டிய வெள்ளைச் சுங்கான் புகைக்குழாய் ஒன்றை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். "அப்ப இது என்ன தம்பி? ஒல்லாந்தன் புகைச்சதெண்டு கனகசபாபதியரே சொல்லிட்டார்."

"இந்தப் பக்கம் எங்க கிண்டினாலும் இப்பிடி உடைஞ்ச சாமான் வரும் அண்ணன்."

"உங்களுக்கும் பங்கு இருக்கு. பயப்படாதீங்க."

கதை பொய்யென்று சொல்லக் கனகசபாபதியிடம் ஓடினான். "ரகசியமா வச்சிருக்க வேணுமெண்டா நேற்றே வாயைப் பொத்தியிருக்க வேணும்" என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். நோபேட் அண்ணனின் மனைவி செலஸ்தீனா, சலவைக்குப் போன வீட்டில் கொடுத்த கேக்குத் துண்டை அவன் கையில் வைத்தாள். "எட்டு மாசத்துக்குப் பிறகு இந்த மனிசன் இண்டைக்குத்தான் தானா எழும்பினது, தம்பி. உங்கட வாய்க்கு நூறு புண்ணியம்." நிக்கலஸ் கேக்கைக் கடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தான்.

மூன்றாம் நாள் விடியலிலிருந்து பேய்மழை. குழி நெஞ்சளவுக்கு இறங்கியிருந்தது. நிக்கலஸ் பார்த்துக்கொண்டிருக்கையில் மதிலின் அடியில் சாந்து பொரிந்து விழுந்தது. மேலே ஒரு செங்கல் விரலளவு முன்னால் நகர்ந்தது.

"மதில் விழப்போகுது! வெளிய வாங்க!"

"இன்னும் ரெண்டு முழம்தான் தம்பி."

இழுத்துப் பார்த்தான், அவர் கையை உதறினார். பெட்டியே இல்லை என்று மறுபடியும் கத்தினான், மண்வெட்டி நிற்கவில்லை. இன்னொரு செங்கலும் அசைந்தது.

"மதிலடியில இல்ல அண்ணன்!" நிக்கலஸின் குரல் உடைந்தது. "பொய் சொன்னனான். பெட்டி அந்த மூலைப் பலா மரத்தடியில. நானே எடுப்பமெண்டு இடத்தை ஒளிச்சு வச்சனான்."

மண்வெட்டி நின்றது. நோபேட் அண்ணன் நிமிர்ந்தார். அந்த முகத்தில் கோபம் துளியும் இல்லை. "நீங்க ஒளிக்கிறீங்களெண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கையை நீட்டினார். நிக்கலஸ் அவரைத் தூக்கி வெளியே எடுத்துப் பத்தடி நடப்பதற்குள் மதில் பொத்தென்று குழிக்குள் சரிந்தது. நோபேட் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டியை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனார். செலஸ்தீனா ஓடிவந்து அவர் தலைக்குமேல் சாக்கை விரித்துப் பிடித்தாள். கனகசபாபதியும் வந்து நின்றார்.

"எவ்வளவு ஆழம் தம்பி?" என்றார் நோபேட் அண்ணன்.

மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். நிக்கலஸ் மழையில் நின்றபடி கையைத் தன் இடுப்பளவில் வைத்துக் காட்டினான். பிறகு மெல்ல அதை நெஞ்சுவரை உயர்த்தினான்.