பர்வின் கடையில் பேசிய கல்யாணம்

தஞ்சாவூரில் நல்ல நண்டும் இறாலும் எங்கே கிடைக்கும் என்று விஜயம் டீச்சர் விசாரிக்கத் தொடங்கியதும் தெரிந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முட்டைகூடத் தொடாதவர் அவர். ஆனாலும் விடாமல், தன்னிடம் படித்து இப்போது மீன் வியாபாரம் செய்யும் பழைய மாணவரைப் போனில் பிடித்தார்.

"நாகப்பட்டினத்து மீன் அன்னன்னைக்கே வந்து இறங்குற இடம் பர்வின் சாப்பாட்டுக் கடைதான், டீச்சர். ஸ்டேக்குகூடப் போடுறாங்க," என்றார் அவர்.

ஸ்டேக் என்றால் என்னவென்று விஜயம் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு ஐந்து பேருக்கு இடம் சொல்லிவைத்தார்.

அவருடைய ஒரே மகன் அக்ஷய், எழில்மொழி என்ற பெண்ணைக் காதலித்தான். தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்ப்பவள். பெற்றோர் வைரக்கண்ணுவும் செவ்வந்தியும் குத்தாலத்துப் பக்கம் சொந்த வயலில் நெல் போடுகிறவர்கள். வைரக்கண்ணுவின் அப்பா காலம்வரை, விஜயத்தின் பிறந்த வீடு மாதிரியான வீடுகளின் நிலத்தில்தான் அந்தக் குடும்பம் நட்டு அறுத்தது. கொல்லைப்புறமாகப் போய்க் கூலி வாங்கிய கதைகளைச் செவ்வந்தி கேட்டு வளர்ந்தவள். இரு வீட்டுப் பெரியவர்களும் இன்றுதான் முதல் முறையாக நேரில் சந்திக்கிறார்கள்.

பெற்றோர் ரயிலடியில் வந்து இறங்கியதும் எழில்மொழி விஷயத்தைச் சொன்னாள்.

"சைவ ஓட்டல்னுதானேடி பேச்சு?" என்றாள் செவ்வந்தி.

"அவங்க அம்மா மாத்திட்டாங்களாம். மீன் கடையாம்."

செவ்வந்தியின் முகம் மாறியது. "நாம எப்படித் திங்கிறோம்னு பார்க்கிறதுக்கா?"

எழில்மொழிக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். வைரக்கண்ணு மட்டும் வேறு கவலையில் இருந்தார். "அது சரி, அந்தம்மா அங்க என்னத்தைச் சாப்பிடுவாங்க?" என்றவர், பக்கத்துச் சைவ ஓட்டலில் நுழைந்து ஒரு சாப்பாடு பார்சல் வாங்கிக்கொண்டு வந்தார்.

பர்வின் கடையில் அக்ஷயும் விஜயமும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கும்பிட்டுக்கொண்டார்கள். பயணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. கடைக்காரர் பர்வின் வந்து, "என்ன கொண்டுவரட்டும்?" என்றார்.

"எங்களுக்குத் தயிர் சாதம் போதும்," என்றாள் செவ்வந்தி.

"எனக்கும் அதேதான்," என்றாள் எழில்மொழி, மெனு கார்டைத் திறக்காமலே.

விஜயத்தின் முகம் வாடிவிட்டது. "ஏன், இங்க நல்லா இருக்காதா? ஊர் பூரா கேட்டுத்தானே பிடிச்சேன்."

"நீங்க சாப்பிடாததை உங்க முன்னால வச்சுச் சாப்பிட எங்களுக்கு எப்படிங்க மனசு வரும், டீச்சர்?" என்றார் வைரக்கண்ணு. தயங்கித் தயங்கிப் பார்சலை மேசைமேல் வைத்தார். "உங்களுக்கு இங்க ஒண்ணும் கிடைக்காதேன்னு இதை வாங்கியாந்தேன்."

விஜயம் பார்சலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம வீட்டுக்கு வந்தா நான் வைக்கிற ரசம்தான். முதல் சாப்பாடாவது உங்க வாய்க்குப் பிடிச்சதா இருக்கட்டும்னு நினைச்சேன். சாப்பிடுங்க. நான் இதைப் பிரிக்கிறேன்."

பர்வின் ஒரு வாழை இலையைக் கழுவிக் கொண்டுவந்து விஜயத்தின் முன்னால் விரித்தார். விஜயம் மெனு கார்டை எடுத்து, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொன்றாக வாசித்தார். நண்டு மசாலா, இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல். ஒவ்வொன்றுக்கும் செவ்வந்தியின் முகத்தைப் பார்த்து, கண் மலர்ந்தால் "அது ஒண்ணு" என்றார். ஸ்டேக் என்ற பெயர் வந்ததும் நிறுத்தி, "இது என்னது?" என்று கேட்டார்.

அக்ஷய் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மாட்டுக்கறி, அம்மா. எனக்கு ஒண்ணு."

விஜயம் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "பெங்களூர்ல வேலை பார்த்த அத்தனை வருஷமும் நீ தயிர் சாதத்துலயே இருந்தேன்னு நான் நம்பினேனாக்கும்? சொல்லிடு, அவங்க ஆர்டர் எடுத்துட்டுப் போகணும்."

எழில்மொழிக்கு அடக்க முடியவில்லை. அவள் சிரித்ததும் செவ்வந்தியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. வைரக்கண்ணு நண்டுக் காலைக் கடித்து உடைத்துச் சதையை மகள் தட்டில் போட்டார். அக்ஷய் தடுமாறுவதைப் பார்த்து அவனுக்கும் உடைத்துக் கொடுத்தார். செவ்வந்தி ஸ்டேக்கில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தாள்.

"நல்ல இளங்கறிதான். நறுக்காம அப்படியே சுட்டுட்டாங்க. மொளகு பத்தலை," என்றாள்.

"கல்யாணத்துக்கப்புறம் நீங்களே செஞ்சு குடுங்க, அத்தை," என்றான் அக்ஷய்.

அவன் அத்தை என்றதில் செவ்வந்திக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மீதித் துண்டை அவன் தட்டிலேயே வைத்தாள்.

தை அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று வைரக்கண்ணு சொன்னார். விஜயம் போனில் காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார். பேச்சு காதில் விழுந்த பர்வின் உள்ளே போய், சூடான பிரெட் அல்வாவைக் கிண்ணங்களில் எடுத்துவந்தார். "இது என் கணக்கு. நெய்யும் சர்க்கரையும்தான், நீங்களும் சாப்பிடலாம், டீச்சர்."

கறி வேகும் அதே அடுப்பில் செய்ததை விஜயம் சாப்பிடுவாரா என்று எழில்மொழி பார்த்தாள். விஜயம் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். நிதானமாகச் சுவைத்தார்.

"நெய் வாசனை நல்லா வந்திருக்கு," என்றவர், கிண்ணத்தைச் செவ்வந்தி பக்கம் நகர்த்தினார். "சாப்பிட்டுப் பாருங்க, சம்பந்தியம்மா. கல்யாணத்துக்கு இவங்களையே அல்வா கிண்டச் சொல்லிடலாமா?"