நோய் இல்லை என்று மைக்கில் சொன்னார்கள்

டொக்டர் ரஸீனாவுக்கு நோயாளிகளின் முகம் அவ்வளவாகத் தெரியாது. அவர்கள் உடம்பிலிருந்து கிள்ளியெடுத்த திசுத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. அட்டன் பக்கத்தில் அவர் இருந்த ஆஸ்பத்திரிக்கு, திசுவுக்குச் சாயமேற்றும் புது மிஷின் ஒன்று வந்தது. திங்கட்கிழமை மூன்று மணிக்கு அமைச்சர் திறந்துவைக்க ஏற்பாடு. முதல் நோயாளியின் முடிவை மேடையிலேயே அறிவிக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் சின்னராசாவின் ஆசை. அது நல்ல முடிவாகவும் இருக்க வேண்டும்.

அகப்பட்டவள் நாகலெட்சுமி. வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். சாப்பிட்டால் வயிறு கனக்கிறது என்று வந்தவளுக்கு வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்ததில், இரைப்பைச் சுவருக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. அதில் எடுத்த துணுக்கில் நீள நீளமான செல்கள். சாதாரண தசைக்கட்டியும் அப்படித்தான் இருக்கும். விட்டுவைத்தால் ஈரலுக்குப் பரவக்கூடிய அரிய வகைக் கட்டியும் அப்படித்தான் இருக்கும். பிரித்துச் சொல்ல விசேஷச் சாயம் வேண்டும். அரிய வகையென்றால் செல்கள் மண்ணிறமாகும்.

திங்கள் மத்தியானம் ஸ்லைடு வந்தது. மண்ணிறம் மருந்துக்குக்கூட இல்லை. செய்தி எப்படியோ பணிப்பாளருக்கு எட்டி, அவரே ஓடி வந்தார்.

"நெகடிவ்னா நல்லதுதானே மிஸ்?"

"பொறுங்க சேர்" என்று ரஸீனா பக்கத்து ஸ்லைடை எடுத்தார். இந்தச் சாயம் ஏற்றும்போதெல்லாம் கட்டாயம் நிறம் பிடிக்கும் திசு ஒன்றையும் கூடவே வைப்பார்கள், சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க. அது யாரோ ஒருவருடைய குடல்வால். அதிலும் நிறம் ஏறவில்லை. உதவாது என்று வெட்டிப்போட்ட அந்தக் குடல்வால்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உள்ளதைச் சொன்ன ஒரே உத்தியோகத்தர்.

"சாயம் செத்துப்போச்சு. இத வச்சு நோய் இல்லைன்னு சொல்லேலாது" என்றார் ரஸீனா.

லேப்பில் வேலை செய்யும் சுதர்ஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை விழாவுக்கு இருநூறு யோகட் வந்துச்சுங்க மிஸ். பிரிஜ்ஜ காலி பண்ணச் சொன்னாங்க. குளிர்லயே இருக்க வேண்டிய சாயப் போத்தல எல்லாம் சூட்டுப்பெட்டி மேல வச்சிருக்காங்க. நான் காலையில பார்த்துட்டு ஒப்பீஸ்ல சொன்னேன். விழா முடியட்டும்னாங்க."

பணிப்பாளர் சுவரைப் பார்த்தார். "யோகட் கெட்டா அமைச்சர் என்ன நினைப்பாரு?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று மணிக்கு நாகலெட்சுமிக்கு மேடையில் மாலை போட்டார்கள். நோய் இல்லை என்று பணிப்பாளர் மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமானது. அவள் புருஷன் அழகன் அங்கேயே நின்று, தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போன் பண்ணினான்.

கூட்டம் கலைந்ததும் ரஸீனா அவளைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னார். நாகலெட்சுமி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு அந்த நோய் இருக்கா இல்லையாங்க மிஸ்?"

"தெரியாதுக்கா. இன்னைக்கு உண்மையா சொல்லக்கூடியது அது மட்டுந்தான். வெள்ளிக்கிழமை வாங்க."

"லயத்துல கேட்டா என்னங்க சொல்றது?" என்றாள்.

அடுத்த நாளே சுதர்ஷினி கண்டிக்குப் போய், புதுப் போத்தலை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே சுமந்து வந்தாள். இந்த முறை குடல்வாலும் மண்ணிறமானது, நாகலெட்சுமியின் துணுக்கும் மண்ணிறமானது. அரிய வகைதான். ஆனால் சின்னது, ஆரம்பத்திலேயே பிடிபட்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அழகன் வெளியே போய் நின்றுகொண்டான். அவள்தான் எங்கே, எப்போது வெட்டுவார்கள் என்று விசாரித்தாள்.

கண்டியில் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது, ஓரங்களில் மிச்சமில்லை.

சிக்கல் தோட்டத்து ஒப்பீசில் காத்திருந்தது. அவளுக்கு ஆறு வாரம் லீவு கேட்டுப்போன அழகனிடம் கிளாக்கர் ஒரு செய்திப் பேப்பரை எடுத்து நீட்டினார். மாலையோடு நாகலெட்சுமி படம். கீழே, 'நோய் இல்லை: நவீன இயந்திரம் உறுதி செய்தது.'

"நல்லா இருக்கிற ஆளுக்கு என்னாத்துக்கு லீவு?" என்றார் கிளாக்கர்.

"வயித்துல பன்னெண்டு தையல் இருக்குங்க."

"பேப்பர்ல அப்படிப் போடலையே."

அழகன் மறுபடி பஸ் ஏறி ரஸீனாவிடம் வந்தான். அவர் ரிப்போர்ட்டின் பிரதியோடு ஒரு கடிதமும் எழுதி, மூன்று இடத்தில் சீல் குத்திக் கொடுத்தார். ரிப்போர்ட்டில் ஒரு வரியும் கிளாக்கருக்கு விளங்கவில்லை. சீலை எண்ணிப் பார்த்துவிட்டு லீவு கொடுத்தார்.

ஐந்தாவது வாரம், கஞ்சி குடித்து அலுத்துப்போன நாகலெட்சுமி, யாரையும் கேட்காமல் ஒரு ரொட்டியைக் காரமான மிளகாய்க் கட்டச் சம்பலோடு தின்றாள். வயிறு கனக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றையும் தின்றாள்.