மூணாவது கோட்டு

தோட்டத்தில் மரக்குடில் கட்டும்போது ஒரு தூண் குறைந்தால், மரம் வந்து சேரும்வரை வீட்டு ஆள் ஒருத்தர் அந்த இடத்தில் நிற்பதுதான் ஆனைப்பாறை நகர் வழக்கம். அதனால் நாச்சிமுத்து போய் நின்றதில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தப்பும் அவருடையதுதான். ஆசாரி தண்டபாணி படித்துப் படித்து நாலு தூண் என்று சொல்லியிருக்க, இவர் மரமில்லுக்குப் போய் மூன்று போதும் என்று ஏற்றிக்கொண்டு வந்தார். நாலாவது மூலையில்தான் முருங்கை நிற்கிறதே, அதன்மேல் உத்தரத்தை வைத்துக்கொள்ளலாமாம். முருங்கையை நம்பி உத்தரம் வைத்த மகராசனை என்னவென்று சொல்வது! உத்தரம் ஏறிய அன்றே முருங்கை மடக்கென்று முறிந்தது. மில்லில் இன்னொரு தேக்கு அறுத்துத் தர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அஞ்சரை அடி நாச்சிமுத்து ஒன்றரை அடிக் கல்லின்மேல் ஏறி நின்றார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நூல் பிசகவில்லை.

குடிலுக்கு ஆசைப்பட்டது அவர் மனைவி மரகதம். பெரிய ஆசை எதுவும் அவளுக்குக் கிடையாது. ஒரு டம்ளர் காப்பியைச் சூடு ஆறுவதற்குள் கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அது ஒரு நாளும் நடக்கவில்லை. இரண்டாவது மடக்கில் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும், கண்ணாடி எங்கே என்று. கண்ணாடி அவர் நெற்றியில் இருக்கும். அதைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால் காப்பி ஏடு கட்டிக் கிடக்கும். குடில் வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி. அவ்வளவு தூரம் குரல் எட்டாது என்று கணக்குப் போட்டிருந்தாள். குரலே குடிலுக்குள் வந்து நிற்கும் என்று அவள் எங்கே கண்டாள், பாவம்.

தண்டபாணி வேலையில் தாட்சண்யம் பார்க்காத ஆள். நாலு தூணுக்கும் ஒரே மாதிரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நாச்சிமுத்துவின் முழங்கையில் மட்டும் சொரசொரப்புப் போகவில்லை, அங்கே பட்டி வைத்து இழுத்தார். கக்கத்தில் தேய்க்கும்போது தூண் சிரித்தது, உத்தரம் ஆடியது, ஆசாரி அதட்டினார். திங்கட்கிழமை முதல் கோட்டு வார்னிஷ், செவ்வாய்க்கிழமை இரண்டாவது. கண்ணையும் வாயையும் விட்டு மனுஷன் பளபளவென்று ஆகிவிட்டார். கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை.

புதன்கிழமை மரகதம் காப்பியோடு குடிலில் போய் உட்கார்ந்தாள். இரண்டாவது மடக்கில் தலைக்கு மேலே குரல் வந்தது, ரிமோட் எங்கே என்று. தூணுக்கு ரிமோட் எதற்கு? கேட்டுப் பழகிய வாய், கேட்டது. அடுத்து பேப்பர் எங்கே, அதற்கடுத்து நகவெட்டி எங்கே. மரகதம் டம்ளரோடு எழுந்துவிட்டாள். இத்தனை மரமும் ஆணியும் இதற்குத்தானா என்று வெறுத்துப்போய்க் காப்பியை ரோஜாச் செடிக்கு ஊற்றினாள்.

ஆசாரியிடம் முறையிட்டாள். அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மூணாவது கோட்டு காஞ்சா மரம் கேள்வி கேக்காதுங்க. ஆனா அப்பறம் தூணைக் கழட்ட முடியாதுங்க."

தேக்கு வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதற்குள் இவள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். வியாழக்கிழமை காலையெல்லாம் யோசித்தாள். என்ன இருந்தாலும் புருஷன். ரசத்தில் உப்பில்லை என்று ஒரு நாள் முகம் சுளித்தவர் இல்லை. கடைசியில் அவரிடமே போய், மூணாவது கோட்டு அடித்துவிடட்டுமா என்று கேட்டாள். நாச்சிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். நின்ற இடத்திலிருந்தே கேட், மோட்டார், துணிக்கொடி, சமையலறை ஜன்னல் எல்லாம் தெரிந்தன. இங்கே காற்று நன்றாக வருகிறது, உள்ளே வந்துதான் என்ன செய்யப்போகிறேன் என்றார். ஆசாரி பிரஷ்ஷோடு வாயோரம் வந்தபோது, இன்னும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் என்று நிறுத்தினார்.

"நீ காப்பி குடிச்சியா, அம்மிணி?"

முப்பத்தொரு வருஷத்தில் இது புதுசு. மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இல்லைங்க என்றாள். ஆசாரி மூணாவது கோட்டை அடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை தேக்கு வந்து இறங்கியது. அறுத்த மரத்தை மில்லில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூடத்தில் நாச்சிமுத்துவின் சாய்வு நாற்காலி சும்மாதானே கிடந்தது, அதில் சாய்த்து வைத்தார்கள். மரகதம் காப்பி கலந்துகொண்டு குடிலுக்குப் போனாள். முதல் மடக்கு நல்லபடியாக இறங்கியது. இரண்டாவது மடக்கில் வீட்டுக்குள்ளிருந்து கட்டைக் குரல் ஒன்று கேட்டது.

"அம்மிணி, துண்டு எங்க?"

தேக்கைக் குறை சொல்ல முடியாது. ஒரு கோட்டுகூட அடிக்காத பச்சை மரம், கேட்கத்தான் செய்யும். நல்ல வைரம் பாய்ந்த கட்டை வேறு, முப்பது அடியெல்லாம் அதற்கு ஒரு தூரமே இல்லை. மரகதம் டம்ளரைக் கீழே வைத்தாள். முழங்காலில் கையை ஊன்றி எழப்போனாள்.

"கொடியில கெடக்குது, பாரு" என்றது நாலாவது தூண்.

மரகதம் மறுபடி உட்கார்ந்தாள். தேக்கு வெளியே வந்து, கொடியிலிருந்து துண்டை உருவிப் போர்த்திக்கொண்டு குளிக்கப் போனது. அவள் டம்ளரை எடுத்து அண்ணாந்தாள். கடைசிச் சொட்டும் நாக்கைச் சுட்டது.